கேஷ் என்ற சொல் நம்ம காசிலிருந்து போனதா?

கீழமாசிவீதிக் கணக்கு:

வணக்கம். கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்லாவும் என் பொறுப்புதான். காலையில் கடை திறந்ததிலிருந்து ‘கேஷா, கடனா?’, ‘கேஷ் டேலி ஆச்சா?’ என்று அந்தச் சொல் வாயில் வந்துகொண்டே இருக்கும்.

எங்கள் வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. தமிழ்க் காசுதான் ஆங்கிலத்தில் கேஷ் ஆனது, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கிருந்து கொண்டுபோனார்கள் என்று. படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலேஜில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகளோ, அது பிரெஞ்சிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்கிறாள். ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று, பொருளும் ஒன்று. அப்புறம் எப்படி வேறு வேறு சொல்லாக இருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருநகர் வாசகர்:

மகள் சொல்வதுதான் சரி. பிரெஞ்சு, இத்தாலி வழியாக லத்தீனுக்குப் போகும் சொல் அது. இப்படி ஒலியை வைத்துச் சொந்தம் கொண்டாடும் செய்திகள் வாரத்துக்கு ஒன்று வருகின்றன. நம்பாதீர்கள்.

பழைய நாணயம், சிம்மக்கல்:

வாசகர் சொன்னதில் பாதிதான் கதை. மீதிப் பாதியில் நமக்கு உண்மையாகவே பங்கு இருக்கிறது. வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய நாணயம் சேர்க்கிறேன். இரண்டு வகையிலும் இந்தச் சொல்லோடுதான் வாழ்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு தனிச் சொற்கள் உண்டு. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு வேறு. பெரிய ஆங்கில அகராதிகளில் இரண்டுக்கும் தனித்தனி எண் போட்டிருப்பார்கள்.

நீங்கள் கடையில் சொல்லும் கேஷ் முதலாவது. லத்தீனில் காப்ஸா என்றால் பெட்டி. அது இத்தாலியில் காஸ்ஸா, பிரெஞ்சில் கெஸ் என்று ஆனது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பணம் வைக்கும் பெட்டிக்கும் கேஷ் என்று பெயர், உள்ளே இருக்கும் பணத்துக்கும் கேஷ் என்று பெயர். பெட்டி என்ற பொருள் பிறகு வழக்கொழிந்துவிட்டது. பெட்டியின் பெயர் பணத்துக்கு எப்படி வரும் என்று யாராவது கேட்டால் உங்கள் கடையையே காட்டலாம். ‘இன்னைக்குக் கல்லா எவ்வளவு?’ என்று முதலாளி கேட்டால் நீங்கள் ரூபாயில்தானே பதில் சொல்கிறீர்கள்!

இன்னொன்று. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரசாணை கிடைத்தது 1600 டிசம்பர் 31-ல். அதற்கு முன்பே இந்தச் சொல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுவிட்டது. ஆகவே கம்பெனிக்காரர்கள் கொண்டுபோனார்கள் என்ற பேச்சு நிற்காது.

இரண்டாவது கேஷ்தான் நம்முடையது. 1498-க்குப் பிறகு நம் கரைகளில் வியாபாரம் செய்த போர்த்துகீசியர் சில்லறை நாணயத்துக்குக் காசு என்ற பெயரைக் கேட்டார்கள். அதைக் கைஷா என்று எழுதினார்கள். இதில் ஒரு விசேஷம் உண்டு. அவர்கள் மொழியில் கைஷா என்றால் ஏற்கெனவே பெட்டி என்று பொருள். அதே காப்ஸாவின் பிள்ளைதான் அதுவும். புதிதாகக் கேட்ட சொல்லுக்குப் பழகிய சொல்லின் உருவத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதுவே ஆங்கிலத்துக்குப் போய்க் கேஷ் ஆனது, முதல் கேஷோடு கலந்துபோனது. இன்று உங்களுக்கு வந்திருக்கும் குழப்பம் போர்த்துகீசியர் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

இந்தச் சின்னச் சொல் போன தூரத்தைப் பாருங்கள். சீனாவில் நடுவில் சதுரத் துளை போட்ட செம்பு நாணயங்களைச் சரடில் கோத்து வைப்பார்கள். முழுச் சரடு என்றால் கணக்குக்கு 1,000. சீனர்கள் அதற்குத் தங்கள் மொழியில் வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் ஆங்கிலத்தில் அந்த நாணயத்துக்கு இன்றுவரை கேஷ் என்றுதான் பெயர், நம் காசிலிருந்து போன அதே கேஷ். சீன நாணயம் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கிறது! இதை யாரும் வாட்ஸ்அப்பில் போடுவதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நம் ஊர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1801-ல் மதுரை கம்பெனி ஆட்சிக்குள் போனது. அந்தக் காலத்துச் சென்னைக் கணக்கில் 10 காசு ஒரு துட்டு, 8 துட்டு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற தங்க நாணயம். பெருக்கிப் பார்த்தால் ஒரு வராகனுக்கு 3,360 காசு. பணம் என்பதையும் ஆங்கிலேயர்கள் ஃபானம் என்று எழுதிக்கொண்டார்கள். 1818-ல் ரூபாய்க் கணக்கு வந்த பிறகுதான் இதெல்லாம் ஒதுங்கியது.

கம்பெனி 1803-லும் 1808-லும் பர்மிங்காம் பக்கத்தில் சோஹோ என்ற ஆலையில் நமக்காகச் செம்புக் காசு அடித்தது. 20 கேஷ் நாணயத்தில் ஒரு பக்கம் ரோமன் எண்ணும் கேஷ் என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். மறுபக்கம் பாரசீக எழுத்தில் ‘இருபது காஸ் நாலு ஃபலூஸ்’ என்று இருக்கும். ஃபலூஸ் என்பதும் செம்புக் காசின் பெயர்தான். கவனியுங்கள், ஆங்கிலத்தில் கேஷ் ஆகிவிட்டாலும் பாரசீகத்தில் காஸ் என்று நம் உச்சரிப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. 1808-ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அதிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் காசுகளை எடுத்தார்கள். அதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. நம் சந்தைகளில் புழங்கியிருக்க வேண்டிய சில்லறை! கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும்.

கீழமாசிவீதிக் கணக்கு:

ரொம்ப நன்றி ஐயா. மகளும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம். ராணுவத்திலிருந்து ஒருவரை அவமானப்படுத்தி வெளியேற்றுவதையும் ஆங்கிலத்தில் கேஷியர் என்றுதான் சொல்கிறார்களாம். பணம் கையாடியதால் வந்த பெயரா? எனக்கும் ஒன்று கேட்க இருக்கிறது. காசு என்பதே வடசொல் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார், சரியா?

பழைய நாணயம், சிம்மக்கல்:

தங்கச்சி, பாப்பாவுக்கு முதலில். கல்லாவில் உட்காரும் கேஷியர் அந்தப் பெட்டிச் சொல்லின் வழியில் வந்தவர். ராணுவக் கேஷியர் வேறு. நெதர்லாந்தில் போரிட்ட ஆங்கிலப் படையினர் டச்சுக்காரரிடமிருந்து கற்றது அது. படையைக் கலைப்பது, பதவியை ரத்து செய்வது என்ற பொருளில் வந்த வினைச்சொல். பணத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. கேஸ் என்ற சொல்லையும் இப்படியே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கேஸ் சோடா என்கிறோமே, அது காப்ஸா. ஒத்தக்கடை போகிற வழியில் ஹைகோர்ட்டில் நடக்கும் கேஸ், ‘விழுதல், நேர்தல்’ என்ற வேறு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காய்ச்சலுக்குப் போடும் கேப்ஸ்யூல்கூடக் காப்ஸாதான், குட்டிப் பெட்டி என்று பொருள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆங்கில அகராதிகள் பலவற்றில் காசுக்குப் பின்னால் கர்ஷம் என்ற வடமொழி எடைப் பெயரைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்துக்குப் போன வடிவத்தைத் தமிழ்க் காசு என்றுதான் குறிக்கிறார்கள். அந்தப் பெருமையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆவணிமூலவீதிப் பட்டறை:

நகைத் தொழில்காரன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன் அண்ணே. தெற்காவணி மூல வீதியில் எங்களுக்குப் பட்டறை. காசுமாலைக்குக் கோக்கிற தங்கத் தகடு ஒவ்வொன்றையும் நாங்கள் காசு என்றுதான் சொல்வோம். லட்சுமி உருவம் அடித்திருக்கும், கடையில் கொடுத்துச் சாமான் வாங்குகிற நாணயம் கிடையாது.

இந்த வழக்கம் நேற்று வந்ததும் இல்லை. குறுந்தொகையில் 67-ஆம் பாட்டு, அள்ளூர் நன்முல்லை பாடியது. கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. அதைப் பார்த்தால், புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் கூரான நகத்தில் பிடித்திருக்கும் பொன் நகைக் காசு மாதிரி இருக்கிறதாம். இன்றைக்கும் எங்கள் பையன்கள் காசைப் பிடித்துக் கோப்பது அப்படித்தான். வேரைத் தேடுகிறவர்கள் நாணயத்தோடு இந்த நகைப் பொருளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பழைய நாணயம், சிம்மக்கல்:

அருமை தம்பி. தமிழ் அகராதிகளிலும் காசுக்கு மணி, பொன் என்ற பொருள்கள் இருக்கின்றன. குற்றம் என்ற பொருளும் உண்டு. அந்தக் குற்றத்துக்கும் இந்த நாணயத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம், பொருள் அடியோடு வேறு. கணக்குத் தங்கச்சி, குழுவில் எழுதும்போது காசு, பணம் இரண்டும் ஆங்கில அகராதியில் ஏறியிருக்கின்றன என்று எழுதுங்கள், யாரும் மறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மகளோடு சிம்மக்கல் பக்கம் வந்தால் அந்த 1808 காசைக் காட்டுகிறேன்.