பூங்காவுக்கு வராதவர்களை ஆய்வில் எப்படிச் சேர்ப்பது?

மரநிழல்:
நகரவாசிகளுக்கும் அவர்களைச் சுற்றியுள்ள பசுமைக்கும் உள்ள உறவை மூன்று மாதத்தில் ஆராய வேண்டும். பூங்கா வாசலில் 200 பேரிடம் வினாத்தாள், அதோடு செயற்கைக்கோள் படத்தில் பசுமைக் குறியீடு, பிறகு இரண்டையும் ஒப்பிடுவது என்று திட்டம். எங்கே சறுக்கும்?

தும்பி:
வாசலிலேயே சறுக்கும். அங்கே அகப்படுபவர்கள் ஏற்கெனவே பூங்காவை விரும்புகிறவர்கள். பயம், நேரமின்மை, சக்கர நாற்காலி ஏறாத படி, இருட்டான பாதை என்று ஒதுங்கிப்போனவர்களிடம்தான் பாதி விடை இருக்கிறது. அதனால் வீடுகளிலிருந்து தொடங்குங்கள். தெருப் பட்டியலில் குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாதீர்கள், மாலையிலும் விடுமுறையிலும் திரும்பப் போங்கள். தாவினால் பகலில் வீட்டிலிருப்பவர்களே சாம்பிளில் நிறைவார்கள்.

தூரத்தை வரைபடத்தில் நேர்கோட்டில் அளக்க வேண்டாம். 300 மீட்டர் என்று தெரியும் வீட்டுக்கும் பூங்காவுக்கும் நடுவே ஒரு ரயில் பாதை இருந்தால் நடை மூன்று மடங்காகலாம். பூங்காவின் எல்லையை விட்டுவிட்டு, திறந்திருக்கும் வாயில்வரை நடைதூரம் எடுங்கள். குடியேறிய ஆண்டையும் அந்த வீட்டைத் தேர்ந்த காரணத்தையும் கட்டாயம் கேளுங்கள். பசுமையை விரும்புகிறவர்களே பசுமையான தெருவில் வீடு பார்த்திருக்கலாம், அப்போது காரணமும் விளைவும் இடம் மாறிவிடும்.

பச்சைப்புள்ளி:
ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 படத்தில் என்டிவிஐ (நீங்கள் சொல்லும் பசுமைக் குறியீடு) எடுத்தால் ஒரு பிக்சல் 10 மீட்டர். தெருவோரத்து ஒற்றை மரம் தார்ச்சாலையோடு கலந்து மங்கிவிடும், மழைக்குப் பின் காலிமனையில் முளைத்த களையோ பளிச்சென்று தெரியும். வேலி போட்டுப் பூட்டிய புல்வெளியும் அதற்குப் பச்சைதான். ஒரே பருவத்துப் படங்களையே ஒப்பிடுங்கள். கூடவே தெருவில் நடந்து, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரச் சுற்றளவை அளந்து, நண்பகலில் நிழல் நடைபாதையில் விழுகிறதா மதிலுக்குள் விழுகிறதா என்று குறியுங்கள்.

ஆலம்விழுது:
வினாத்தாளில் "இயற்கை" என்ற சொல்லைத் தனியே விடாதீர்கள். பலருக்கு அது காடும் அருவியும்தான், வாசலில் நிற்கும் மரம் கணக்கில் வராது. "இயற்கையை நேசிக்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், அப்புறம் ஒப்பிட என்ன மிஞ்சும்? "நேற்று வீட்டருகே எந்தப் பறவையைப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். முதலில் பதினைந்து பேரிடம் சோதித்து, கேள்வியை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

சொல்வதோடு செய்வதையும் பாருங்கள். பூங்காவில் யார் என்ன செய்கிறார்கள் என்று நேரில் பார்த்துப் படிவத்தில் எண்ணிக் குறிக்கும் சோபார்க் (SOPARC) முறை 2006இல் வெளியானது, அது இதற்கு வசதி. பூங்காவைப் பகுதிகளாகப் பிரித்து, இடமிருந்து வலமாகப் பார்வையை ஓட்டி, ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ணுங்கள். உட்கார்ந்திருக்கிறாரா, நடக்கிறாரா, ஓடியாடுகிறாரா என்று குறித்து, ஒரே நாளில் நான்கு வேளை திரும்பச் செய்யுங்கள். முதல் சில நாள் இருவர் தனித்தனியே எண்ணி ஒத்துப்பாருங்கள், கூட்டத்தில் குழந்தைகள்தான் அதிகம் தப்புவார்கள். அந்தப் படிவத்தில் இல்லாத ஒரு நெடுவரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நிழல். நிழல் நகர நகர, நீளமான பெஞ்சில் ஆட்களும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்வதை அதில்தான் பிடிக்க முடியும். புல்லில் கால்பட்டு வழுக்கையான தடங்களையும் வரைந்துகொள்ளுங்கள். அவை போய் முடியும் இடத்தில் பெரும்பாலும் வாயில் இருக்காது, வேலியில் வளைந்த கம்பிதான் இருக்கும்.