ஒரு சர்வர் போதுமா? (ஏற்காடு காட்டேஜ் குடும்பக் குழு)

பெரியப்பா: எல்லோரும் இருக்கிறீர்களா? சனிக்கிழமை நம் புக்கிங் சைட் விடியற்காலையிலிருந்து மதியம் வரை திறக்கவே இல்லை. மே மாதம், ஏற்காட்டில் ஓர் அறை கிடைக்காதா என்று ஜனங்கள் அலைகிற நேரம். ஓசூரிலிருந்து ஒரு குடும்பம் பணம் கட்டுகிற பக்கத்தில் அப்படியே நின்றுபோய், வேறு இடம் பிடித்துவிட்டதாகப் போன் செய்து சொன்னார்கள். கிளவுடில் வைத்தால் நிற்காது என்றுதானே மாதாமாதம் பணம் கட்டுகிறோம்? யாரையும் குறை சொல்லவில்லை, எனக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

பிரபு: பெரியப்பா, நம்முடையது மும்பையில் ஓடும் ஒரே ஒரு மெஷின். சைட், டேட்டாபேஸ் இரண்டும் அதில்தான். அதைத் தாங்கிய கம்ப்யூட்டரில் ஹார்டுவேர் பழுது என்று மெயில் வந்தது, வேறொன்றில் ஏற்றி ஓட வைத்தாயிற்று. தேனு, உன் வேலையே இதுதானே, நீ சொன்னால் தெளிவாக இருக்கும்.

தேன்மொழி: சொல்கிறேன் அண்ணா. பெரியப்பா, கிளவுட் என்றாலும் கடைசியில் ஏதோ ஒரு கட்டடத்தில், ஏதோ ஒரு ரேக்கில் இருக்கிற கம்ப்யூட்டர்தான். டிஸ்க் போகும், பவர் சப்ளை போகும், மெமரி போகும். கெட்டுப் போனால் உடனே இன்னொன்றை எடுத்துக்கொள்ள வசதி இருக்கிறதே, அதற்குத்தான் நாம் பணம் கட்டுகிறோம். அந்த வசதியைப் பயன்படுத்தி, ஒன்று விழுந்தாலும் சேவை நிற்காத மாதிரி கட்டி வைப்பதற்குப் பெயர் ஹை அவெய்லபிலிட்டி. அது தானாக வராது, நாம்தான் கட்ட வேண்டும்.

கவின்: அக்கா, ஆனால் எல்லா கம்பெனியும் 99.99 சதவீதம் என்று உத்தரவாதம் கொடுக்கிறார்களே? காலேஜில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

தேன்மொழி: அந்தப் பத்திரத்தை முழுக்கப் படிக்க வேண்டும் கவின். உதாரணத்துக்கு அமேசான் மெஷின்களை வாடகைக்கு விடும் ஈசி2 சேவையை எடுத்துக்கொள். 99.99 என்பது ஒரே ரீஜனுக்குள், அதாவது மும்பை மாதிரி ஒரு வட்டாரத்துக்குள், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அவெய்லபிலிட்டி ஸோன்களில், அதாவது தனித்தனி டேட்டா சென்டர்களில், மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு. ஒற்றை மெஷினுக்கு அவர்கள் சொல்வது 99.5. கணக்குப் போட்டுப் பார், வருஷத்துக்கு 8,760 மணி நேரம். 99.5 என்றால் கிட்டத்தட்ட 44 மணி நேரம் நிற்கலாம், அது உத்தரவாதத்துக்கு உட்பட்டதுதான். 99.9 என்றால் 8 மணி 45 நிமிடம், 99.99 என்றால் 52 நிமிடம், 99.999 என்றால் வெறும் 5 நிமிடம். அவர்கள் சொன்ன அளவுக்கும் கீழே போனால் தருவது பில்லில் ஒரு தள்ளுபடி. ஓசூர் குடும்பம் போனது போனதுதான், அதை யாரும் ஈடுகட்ட மாட்டார்கள்.

செந்தில் மாமா: 44 மணி நேரம்! அது மே மாதத்து சனி ஞாயிறில் வந்து விழுந்தால்?

தேன்மொழி: அதேதான் மாமா, எப்போது நிற்கும் என்று அந்த எண் சொல்லாது. இன்னொன்றும் இருக்கிறது. சைட் திறக்க டொமைன் பெயரைத் தேடித் தரும் டிஎன்எஸ் வேலை செய்ய வேண்டும், வெப் சர்வர் வேண்டும், டேட்டாபேஸ் வேண்டும், பணம் வாங்கும் கேட்வே வேண்டும். நாலும் தனித்தனியாக 99.9 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாலும் ஒரே நேரத்தில் சரியாக இருந்தால்தான் ஒரு புக்கிங் நடக்கும், அதனால் பெருக்க வேண்டும், வருவது 99.6. வருஷத்துக்கு 35 மணி நேரம். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் குறைந்துகொண்டே போகும். அதே வேலைக்கு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கூடும். 99 சதவீதம் மட்டுமே நம்பக்கூடிய இரண்டு மெஷின்கள் இருந்தால், இரண்டும் சேர்ந்து விழ வாய்ப்பு நூற்றில் ஒன்றில் நூற்றில் ஒன்று, அதாவது 99.99. ஆனால் ஒன்று விழுவதற்கும் மற்றது விழுவதற்கும் சம்பந்தமே இல்லை என்றால் மட்டும்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

செந்தில் மாமா: அடிவாரம் வழியில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாக வண்டியை விடுகிறோமே, அந்த மாதிரியா?

தேன்மொழி: அதே மாதிரி மாமா. ஆனால் ஒரே மழை இரண்டு பக்கமும் மலையைக் கரைத்துவிட்டால் இரண்டு ரோடு இருந்தும் பயன் இல்லை இல்லையா? இங்கேயும் அதுதான் கேள்வி, இரண்டும் பொதுவாக எதை நம்பி இருக்கின்றன என்பது. ஒரே ரேக்கில் இரண்டு மெஷின் வைத்தால் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் போனால் இரண்டும் போகும். ஒரே கட்டடம் என்றால் தீ, வெள்ளம், கரண்ட். அதற்காகத்தான் அவெய்லபிலிட்டி ஸோன் என்று பிரிக்கிறார்கள். ஒவ்வொரு ஸோனுக்கும் தனிக் கட்டடம், தனி மின் இணைப்பு, தனி நெட்வொர்க், ஒன்றிலிருந்து மற்றொன்று பல கிலோமீட்டர் தள்ளி. மும்பை ரீஜனை அமேசான் 2016-இல் திறந்தது, ஹைதராபாத்தை 2022-இல். இரண்டிலும் மூன்று மூன்று ஸோன்கள்.

கவின்: அப்படியானால் ஸோன்களை இன்னும் தூரமாக, ஒன்று மும்பை ஒன்று டெல்லி என்று வைக்கலாமே அக்கா?

தேன்மொழி: நல்ல கேள்வி. ஃபைபரில் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். 100 கிலோமீட்டருக்குள் இருந்தால் போய்த் திரும்ப ஒரு மில்லி செகண்ட், ஒவ்வொரு புக்கிங்கையும் இரண்டு இடத்திலும் எழுதி முடித்த பிறகே “சரி” என்று வாடிக்கையாளருக்குச் சொல்லலாம். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஒவ்வொரு பதிவுக்கும் அந்தத் தாமதம் சேரும். அதனால் தூர ரீஜனுக்குப் பெரும்பாலும் சற்றுப் பின்தங்கித்தான் நகல் போகும், திடீரென்று மாற வேண்டி வந்தால் கடைசிச் சில நொடிகளில் வந்தது தொலையலாம்.

மல்லிகா அத்தை: எனக்கு ஒன்று மட்டும் சொல்லு கண்ணு. இரண்டு மெஷின் வைத்தால், ஒன்றில் ஒருத்தர் மிளகுத் தோட்டத்து அறையை எடுத்தது இன்னொன்றுக்குத் தெரியுமா? ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் வந்து நின்றால் சைட் நின்றதைவிட மோசம். மலை ஏறி வந்தவர்களை எங்கே அனுப்புவது?

தேன்மொழி: அத்தை, இதில் கஷ்டமான இடமே நீங்கள் கேட்டதுதான். பக்கத்தைக் காட்டுகிற வெப் சர்வர் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், அதனிடம் நினைவு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். நினைவு இருக்கிற இடம் டேட்டாபேஸ். அங்கே ஒன்று பிரைமரி, எழுதுவது எல்லாம் அதில் மட்டும். இன்னொரு ஸோனில் ஸ்டாண்ட்பை, பிரைமரியில் எழுதுவது அந்தக் கணமே அதிலும் எழுதப்படும். பிரைமரி விழுந்தால் ஸ்டாண்ட்பை அந்த இடத்துக்கு வரும், அதற்கு ஃபெயில்ஓவர் என்று பெயர். அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் இதற்கு வழக்கமாக ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் புக்கிங் நடக்காது, ஆனால் எடுத்த புக்கிங் எதுவும் தொலையாது.

மல்லிகா அத்தை: பிரைமரி நிஜமாகவே விழுந்ததா, இல்லை நடுவில் லைன்தான் போனதா என்று மற்றதற்கு எப்படித் தெரியும்?

தேன்மொழி: தெரியாது அத்தை. அதுதான் ஆபத்து. இரண்டும் ஒன்றையொன்று “இருக்கிறாயா” என்று விசாரித்துக்கொண்டே இருக்கும், ஹார்ட்பீட் என்பார்கள். பதில் வராவிட்டால் மற்றது செத்துவிட்டதா, நடுவில் கேபிள் அறுந்ததா என்று ஒரு பக்கத்தில் இருந்துகொண்டு சொல்லவே முடியாது. இரண்டுமே “நான்தான் பிரைமரி” என்று எழுத ஆரம்பித்தால் நீங்கள் சொன்ன மாதிரி ஒரே அறைக்கு இரண்டு குடும்பம். இதற்கு ஸ்பிளிட் பிரெய்ன் என்று பெயர். அதனால்தான் முடிவெடுக்க மூன்று பேர் வேண்டும். மூன்றில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டால் மட்டும் பிரைமரி மாறும், தனியாக மாட்டிக்கொண்ட ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். மூன்று ஸோன் வைப்பதன் அருமை இங்கே தெரியும்.

தேன்மொழி: 2018 அக்டோபர் 21 அன்று, புரோகிராமர்கள் கோடு சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன், எங்கள் டீமில் புதிதாக வருகிறவர்களை நான் முதலில் படிக்கச் சொல்வது இதைத்தான். நெட்வொர்க் சாதனம் ஒன்றை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கரை டேட்டா சென்டரின் தொடர்பு 43 நொடி அறுந்தது. 43 நொடிதான். அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரை டேட்டாபேஸைப் பிரைமரி ஆக்கிவிட்டது. கிழக்கில் மேற்குக்குப் போய்ச் சேராத பதிவுகள் கொஞ்சம் இருந்தன, மேற்கில் புதிதாக எழுத ஆரம்பித்துவிட்டார்கள், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. டேட்டா முக்கியம், வேகம் அப்புறம் என்று முடிவெடுத்து உட்கார்ந்து சரிசெய்தார்கள், சேவை முழுமையாகத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. அவசரப்பட்டுத் திறக்காமல் டேட்டாவைக் காப்பாற்றியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பெரியப்பா: அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அப்படியா.

கவின்: சரி, ஸ்டாண்ட்பை இருந்துவிட்டால் பேக்கப் வேண்டாமே அக்கா?

தேன்மொழி: ஐயோ, அப்படி நினைத்துவிடாதே. பிரபு அண்ணன் டேட்டாபேஸில் ஒரு அட்டவணையைத் தெரியாமல் அழித்தால் ஸ்டாண்ட்பையிலும் அதே நொடியில் அழியும். அது விசுவாசமாக நகல் எடுக்கும், தவறையும் சேர்த்து. 2017 ஜனவரி கடைசியில், கிட்ஹப் மாதிரியே இன்னொரு தளமான கிட்லேபில் ஒரு எஞ்சினியர், பிரச்சினை தந்துகொண்டிருந்த நகலைச் சுத்தம் செய்வதாக நினைத்துப் பிரைமரியின் டேட்டாவை அழித்துவிட்டார். பேக்கப் வழிகள் பல வைத்திருந்தார்கள், பார்த்தால் எதுவும் ஒழுங்காக ஓடியிருக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரம் பழைய ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்து, அதாவது அந்த நேரத்து நகலிலிருந்து, மீட்டார்கள். அப்புறம் 2021 மார்ச் 10, பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஹெச் என்ற கிளவுட் கம்பெனியின் டேட்டா சென்டர் ஒன்று முழுசாக எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் சிலருக்கு இரண்டும் போய்விட்டன. அதனால் பேக்கப் வேறு ஊரில், வேறு அக்கவுண்டில் இருக்க வேண்டும், அதிலிருந்து மீட்டும் பார்த்திருக்க வேண்டும்.

பெரியப்பா: எல்லாம் சரி. நமக்கு இருப்பது சில காட்டேஜ்கள். இதற்கெல்லாம் எவ்வளவு ஆகும், எது அவசியம், எது அவசியமில்லை?

தேன்மொழி: பெரியப்பா, நமக்கு இரண்டு ரீஜன் வேண்டாம், அந்தச் செலவும் சிக்கலும் நமக்கு ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து. ஒரே ரீஜனில் இரண்டு ஸோன் போதும், யார் பிரைமரி என்ற முடிவை ஆர்டிஎஸ் மாதிரிச் சேவையே எடுத்துக்கொள்ளும். இப்போதிருக்கும் பெரிய மெஷினை விட்டுவிட்டுச் சின்ன மெஷின் இரண்டு, ஆளுக்கொரு ஸோனில், வருகிறவர்களை இரண்டுக்கும் பிரித்து அனுப்ப முன்னால் ஒரு லோட் பேலன்சர். ஒன்று மட்டுமே மே மாதக் கூட்டத்தைத் தாங்குமா என்று பார்த்து அளவு எடுக்க வேண்டும், பாதிப் பாதிச் சுமைக்குக் கணக்கிட்டால் ஒன்று விழுந்ததும் மற்றதும் மூச்சுத் திணறி விழும். டேட்டாபேஸைத் தனியாகப் பிரித்து ஸ்டாண்ட்பையோடு எடுத்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. விருந்தினர்களின் அடையாள அட்டைப் படங்கள் இப்போது மெஷினிலேயே கிடக்கின்றன, அவற்றை அமேசானின் ஃபைல் சேமிப்புச் சேவையான எஸ்3 மாதிரி இடத்துக்கு மாற்ற வேண்டும், அங்கே அவர்களே குறைந்தது மூன்று ஸோனில் வைக்கிறார்கள்.

பிரபு: லோட் பேலன்சர் சில நொடிக்கு ஒருமுறை மெஷினிடம் நலம் விசாரிக்கிறதே, அதற்கு எந்தப் பக்கத்தைக் கொடுப்பது? முகப்புப் பக்கம் போதுமா?

தேன்மொழி: முகப்பு திறக்கும், புக்கிங் நடக்காது, அப்படியும் ஆகும் அண்ணா. அதற்காக டேட்டாபேஸ் வரை சோதிக்கிற பக்கத்தைக் கொடுத்தால், டேட்டாபேஸ் கொஞ்சம் தடுமாறியதும் இரண்டு மெஷினையும் கெட்டது என்று ஒதுக்கிவிடலாம். மெஷின் தன் வேலையைச் செய்கிறதா என்று மட்டும் அதற்குச் சொல்லுங்கள். புக்கிங் முழுசாக நடக்கிறதா என்று வெளியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தனியாகப் பார்த்து, இல்லை என்றால் போனில் கூப்பிடுகிற ஏற்பாடு வேறு.

தேன்மொழி: இன்னொன்று, எனக்கு உண்மையில் அதிகக் கவலை இதில்தான். டொமைன் புதுப்பிக்கிற கார்டு யாருடையது? எப்போது காலாவதி ஆகும்? கிளவுட் அக்கவுண்டின் ஓடிபி பிரபு அண்ணன் போனுக்கு மட்டும் வருகிறது. அண்ணன் ஏற்காட்டில் சிக்னல் இல்லாத தோட்டத்தில் இருந்தால்? எத்தனை ஸோன் வைத்தாலும் இது ஒற்றை ஆணிதான்.

பிரபு: சரிதான். பெரியப்பா பெயரில் இரண்டாவது அட்மின் போட்டுவிடுகிறேன். கார்டு பெரியப்பாவுடையது, காலாவதித் தேதியைக் குழுவிலேயே நினைவூட்டலாக வைக்கிறேன்.

செந்தில் மாமா: மேலே காட்டேஜில் இன்டர்நெட் போனால் வாட்ச்மேனுக்குப் புக்கிங் எப்படித் தெரியும்? சைட் மும்பையில் நன்றாக ஓடும், சாவி கொடுக்கிறவருக்குத் தெரியாது.

தேன்மொழி: மாமா, அருமை. ஒவ்வொரு புக்கிங்குக்கும் அவருக்கு ஒரு எஸ்எம்எஸ், உங்களுக்கு ஒன்று. டேட்டா இல்லாவிட்டாலும் எஸ்எம்எஸ் பெரும்பாலும் போய்ச் சேரும்.

பெரியப்பா: செய்யலாம். எல்லாம் கட்டி முடித்த பிறகு வேலை செய்கிறது என்று எப்படி நம்புவது?

தேன்மொழி: நாமே நிறுத்திப் பார்க்க வேண்டும் பெரியப்பா. நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் கேயாஸ் மங்கி என்றே ஒரு புரோகிராம் எழுதினார்கள், ஆபீஸ் நேரத்தில், ஆட்கள் விழித்திருக்கும்போது, ஓடுகிற மெஷினை அதுவே அணைக்கும். நமக்கு அவ்வளவு வேண்டாம். சீசன் முடிந்து ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், முதலில் ஒரு வெப் மெஷினை நிறுத்துவோம், அப்புறம் டேட்டாபேஸை ஃபெயில்ஓவர் செய்வோம். அந்த நேரத்தில் வெளியிலிருந்து யாராவது புக்கிங் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மல்லிகா அத்தை: நான் போடுகிறேன். அம்மாபேட்டையில் வீட்டில்தான் இருப்பேன்.

தேன்மொழி: பெயரில் “சோதனை” என்று போடுங்கள் அத்தை, பணம் கட்டும் பக்கம் வரை போய் நிறுத்திவிடுங்கள். எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குத் திரும்ப வந்தது என்று எழுதி வையுங்கள், அந்த நிமிடக் கணக்குதான் எனக்கு வேண்டும்.

மல்லிகா அத்தை: வைஃபையில் பார்ப்பதா, சிம்மிலா?

பிரபு: இரண்டிலும் பாருங்கள் அத்தை. மாமா, அன்றைக்கு நீங்கள் மேலே காட்டேஜில் இருந்தால் வாட்ச்மேனுக்கு எஸ்எம்எஸ் வருகிறதா என்று பார்த்துவிடலாம்.

செந்தில் மாமா: வருகிறேன். மூன்று மணி என்று வைத்துக்கொள்.