வீட்டு வாசலிலேயே பிக்கப்பை உயர்த்தினோம்

பாலவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் வைத்தே இசுஸு வி-கிராஸுக்கு 40 மில்லிமீட்டர் லிப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் உதிரிபாகத் தொகுப்பு) மாட்டினோம். நானும் என் மைத்துனரும்தான் ஆள். வீட்டில் செய்ய முடியுமா என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பின்பக்கக் கமான்பட்டையை (இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில்) தாராளமாக மாற்றலாம். முன்பக்கச் சுருள்வில்லை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். அழுத்தி வைத்த வில் நழுவினால் ஆளையே கொன்றுவிடும். புது சாக் அப்சார்பர், வில், மேல் மவுண்ட் மூன்றையும் கிண்டியில் வில்லை அழுத்தும் பிரஸ் வைத்திருக்கும் ஒரு பட்டறையில் கோத்து வாங்கிவந்து, அப்படியே மாட்டினோம்.

வேலையில் இறங்கும் முன் எதற்காக உயர்த்துகிறோம் என்பதை யோசிக்க வேண்டும். லிப்ட் போட்டால் பின் டிஃபரன்ஷியல் (பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அது ஆக்சிலோடு சக்கரத்தின் மேல் நிற்கிறது. பெரிய டயர் போட்டால்தான் உயரும். உயர்வது சேஸும் (வண்டியின் அடிச்சட்டம்) அதன் மேல் இருப்பவையும்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் நம்முடையது. 40 மில்லிமீட்டரை நம்பி யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது பின்னால் சரக்கு ஏற்றினாலும் தாழாத வண்டி, அது கிடைத்தது.

எங்கள் தெரு மணல் தரை. ஏறக்குறைய 2 டன் வண்டியின் பாரத்தைத் தாங்கும்போது ஆக்சில் ஸ்டாண்டின் (தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கி) கால்கள் மணலில் புதையும். கனமான பிளைவுட் பலகைகளை அடியில் பரப்பி, ஸ்டாண்டைச் சேஸுக்குக் கொடுத்து, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் மரக்கட்டை வைத்தோம். வண்டியைக் கையால் உலுக்கிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகே அடியில் படுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்.

கடற்கரையோரம் நிற்கும் வண்டி என்பதால் துரு எங்களைப் பாடாய்ப் படுத்தியது. கமான்பட்டையின் முன் கண்ணில் (பட்டையின் நுனியில் உள்ள வளையம்) இருக்கும் போல்ட்டின் நட்டு கழன்றுவிட்டது. போல்ட் மட்டும் வரவில்லை. ஸ்பேனரைத் திருப்பினால் போல்ட்டும் சுற்றுகிறது, அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள் குழலும் சேர்ந்து சுற்றுகிறது, ரப்பர் முறுகி மறுபடி பழைய இடத்துக்கே வருகிறது. உப்புக் காற்று இரண்டு இரும்பையும் ஒட்டிவைத்திருந்தது. துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டும் பயனில்லை. கடைசியில் இரும்பு வெட்டும் கிரைண்டரால் இருபுறமும் வெட்டி எடுத்தோம். தீப்பொறி டீசல் டேங்க் பக்கமும் பிரேக் ஹோஸ் பக்கமும் தெறிக்காதபடி ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுத்தான் வெட்டினோம். புது போல்ட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்ததால் வேலை நிற்கவில்லை.

புதுப் பட்டையை மாட்டும்போது பலரும் சக்கரம் அந்தரத்தில் தொங்க, கண்ணிலும் ஷேக்கிலிலும் (பட்டையின் பின் நுனியைச் சேஸோடு இணைக்கும் ஆடும் கொக்கி) உள்ள நட்டுகளை முழுமையாக முறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ்ஷின் உள் குழல் அந்த நிலையிலேயே இறுகிவிடும். வண்டியை இறக்கியதும் பட்டை விரியும், ரப்பர் திருகியபடியே நிற்கும், சீக்கிரம் கிழிந்துபோகும். நட்டுகளைக் கையால் முறுக்கும் அளவுக்கு மட்டும் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, சற்று முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, பாரம் சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் டார்க் ரெஞ்ச்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்க வேண்டும். அளவுகளுக்கு வண்டியின் சர்வீஸ் கையேட்டையும் கிட்டோடு வந்த தாளையும் பாருங்கள்.

சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று பார்த்தோம், தளர்வாகவே இருந்தது. மறுநாள் வீல் அலைன்மென்ட் செய்து, முகப்பு விளக்கின் ஒளியையும் கீழே இறக்கி வைத்தோம்.

சட்ட விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. கிட் வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள்.

கமான்பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யு போல்ட் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போனபோது கடைக்காரப் பெரியவர், "தம்பி, ஒருமுறை இழுத்து முறுக்கிய யு போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. புதியதைப் போட்டாலும் 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்குங்கள்" என்றார். அப்படியே செய்தோம். எல்லா நட்டுகளும் கொஞ்சம் ஏறின. இடது பக்கத்து நட்டு ஒன்று மட்டும் அரைச் சுற்றுக்கு மேல் ஏறியது.