ஆப்ல 0.0 ஆம்பியர்: வீட்டு சோலாருக்கு பி.எம்.எஸ் மாட்டின அனுபவங்கள்

நல்லம்பள்ளி:

16 லித்தியம் (எல்.எஃப்.பி) செல், 100 ஆம்பியர்-அவர், 5 கேவிஏ இன்வெர்ட்டர், செல்லைக் கண்காணிச்சு ஆபத்துன்னா கட் பண்ற பி.எம்.எஸ் போர்டு, அதைப் பாக்க போன்ல ஒரு ஆப். செட்டப் பத்தி இதுக்கு மேல சொல்லத் தேவையில்ல, நேரா விஷயத்துக்கு வரேன்.

ஆள் வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போயிட்டார். ஆப்ல 16 செல்லும் 3.31, 3.31ன்னு வரிசையா காட்டுது, பாக்கவே திருப்தியா இருந்துச்சு. ஒரு நாள் ராத்திரி கரண்ட் போயிடுச்சு. அம்மா கிரைண்டர்ல மாவு ஆட்டிட்டு இருந்தாங்க, ஹால்ல ரெண்டு ஃபேன், டிவி. சும்மா போனை எடுத்துப் பாத்தேன். கரண்ட் 0.0 ஆம்பியர்னு காட்டுது. கல்லு கடகடன்னு சுத்திட்டு இருக்கு, பேட்டரில இருந்து ஒண்ணுமே போகலைங்குது ஆப். ராத்திரில சோலார் எங்க இருந்து வரும்?

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். பி.எம்.எஸ்ஸோட நீல ஒயர் செல் வரிசையோட மைனஸ் முனையில சரியா இருக்கு. இன்வெர்ட்டருக்குப் போக வேண்டிய கருப்பு ஒயர் முனையில டேப் சுத்தி ஓரமா மடக்கி வச்சிருக்கு. இன்வெர்ட்டர் மைனஸ் கேபிளை நீல ஒயர் இருக்கிற அதே போல்ட்லயே சேத்து முடுக்கியிருக்கார். ஒவ்வொரு செல் வோல்டேஜையும் அளக்கற சென்ஸ் ஒயர் 17ம் மாட்டியிருக்கிறதால வோல்டேஜ் மட்டும் தெரியுது. செல் 2.5க்குக் கீழ போனாலும் சரி, 3.65ஐத் தாண்டினாலும் சரி, பி.எம்.எஸ் பாத்துட்டு இருக்க வேண்டியதுதான், கட் பண்ண வழியே இல்ல.

போன் பண்ணிக் கேட்டா, "இன்வெர்ட்டரைக் குடுத்தாலே கட் ஆவுது சார், பி.எம்.எஸ் சரியில்ல, அதான் டைரக்டா குடுத்தேன்"ங்கறார், ஏதோ உதவி பண்ண மாதிரி. இன்னும் எத்தனை வீட்டுல இப்படி டைரக்டா குடுத்திருக்காரோ.

பர்கூர்:

நல்லம்பள்ளி தம்பி, டைரக்டா குடுத்தது அநியாயம்தான். ஆனா பி.எம்.எஸ் சரியில்லங்கறதும் தப்பு. எங்க வீட்டுலயும் பிரேக்கரை மேல தூக்கினதும் 'டப்'புன்னு ஒரு பொறி, உடனே ஆப்ல ஷார்ட் சர்க்யூட்னு செகப்புல வந்துச்சு. இன்வெர்ட்டர் உள்ள இருக்கிற பெரிய கெப்பாசிட்டர் காலியா இருக்கும். கேபிள் பட்ட அந்த நொடி அது எவ்வளவு கிடைச்சாலும் இழுக்கும். பி.எம்.எஸ்ஸுக்கு அது ஷார்ட் மாதிரிதான் தெரியும், கட் பண்ணிடும். அதோட வேலையே அதுதான்.

எங்க மாமா லேத் பட்டறை வச்சிருக்கார். பரண்ல கிடந்த 100 வாட் குண்டு பல்பை எடுத்துட்டு வந்து, பிரேக்கர் ஆஃப்ல இருக்கும்போதே அதோட ரெண்டு முனைக்கும் குறுக்க ஹோல்டர் ஒயரை வச்சார். பல்பு இழை செவசெவன்னு கொஞ்ச நேரம் கனிஞ்சு, அப்படியே மங்கிப் போச்சு. "இப்ப தூக்குடா"ன்னார். பொறியும் இல்ல சத்தமும் இல்ல, இன்வெர்ட்டர் டிஸ்ப்ளேல லைட் வந்துடுச்சு. அந்த பல்பு இன்னும் பேட்டரி பெட்டி பக்கத்துலயேதான் தொங்குது. எல்.இ.டி பல்பு இதுக்கு ஆகாது, இழை பல்புதான் வேணும்.

காரிமங்கலம்:

இவ்வளவு தலைவலி எதுக்குங்க? பேசாம பேனல் கரண்டை நேரா ஈ.பி லைனோட சேக்கற ஆன்-கிரிட் போட்டுட்டா பேட்டரியும் வேணாம் பி.எம்.எஸ்ஸும் வேணாம். மத்திய அரசோட பி.எம். சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம் வேற வருது.

பென்னாகரம் பட்டு:

காரிமங்கலம் அண்ணா, ஆன்-கிரிட் போட்டா லைன்ல கரண்ட் போன உடனே அதுவும் நின்னுடும். லைன்மேன் கம்பத்துல இருக்கும்போது நம்ம வீட்டுல இருந்து கரண்ட் போகக் கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சிருக்காங்க. எனக்கு கரண்ட் இல்லாதப்பதானே வேணும்.

நமக்குப் பட்டுப்புழு மனை. ஃபேனும் ஃபாகரும் (பனி மாதிரி தண்ணி தெளிக்கறது) நின்னா வெயில் காலத்துல ஒரு மத்தியானம் தாங்காது. ஏற்கனவே டியூபுலர் பேட்டரி (ஆசிட் பேட்டரி) ஓடிட்டு இருந்த இன்வெர்ட்டர்லயே லித்தியத்தை மாட்டிட்டாங்க. செட்டிங் பத்தி யாரும் பேசல. கடைசிப் பருவம், புழு நாள் பூரா தழை தின்னுட்டே இருக்கும், மனைக்குள்ள நின்னா தூறல் போடற மாதிரி சத்தம் கேக்கும். உச்சி வெயில்ல தழை போட்டுட்டு இருக்கேன், ஃபேன் எல்லாம் ஒண்ணா நின்னுச்சு. பேனல் மேல வெயில் கொளுத்துது, பேட்டரி ஃபுல்லு, ஆனா கரண்ட் இல்ல! இன்வெர்ட்டர்ல ஹை பேட்டரின்னு எரர். கொஞ்ச நேரத்துல புழு தின்னறதை விட்டுட்டு தலையைத் தூக்க ஆரம்பிச்சிடுச்சு. ஜெனரேட்டருக்கு பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினேன்.

காரணம் சாயந்திரம்தான் புரிஞ்சது. டியூபுலர் செட்டிங்ல இன்வெர்ட்டர் 57.6 வோல்ட்டுக்கு மேலயும் ஏத்தப் பாக்குது. 15 செல் 3.42ல சமத்தா இருக்கு, 9ம் நம்பர் மட்டும் 3.65ஐ முட்டிடுச்சு. மொத்தம் பாத்தா இன்னும் 55தான், இன்வெர்ட்டருக்கு அது குறைச்சலாத்தான் தெரியும். பி.எம்.எஸ் சார்ஜை வெட்டிடுச்சு. பேனல் கரண்டுக்குப் போற எடம் இல்ல, வோல்டேஜ் எகிறி இன்வெர்ட்டர் பயந்து நின்னுடுச்சு. சில சார்ஜ் கன்ட்ரோலர் இதுலயே புகைஞ்சு போயிடும்னாங்க, நம்மளது தப்பிச்சது.

இப்ப இன்வெர்ட்டர் செட்டிங்ல பல்க் (ஏத்தற உச்சம்) 55.2, ஃப்ளோட் (ஃபுல்லானதும் நிறுத்தி வைக்கறது) 53.6, ஆசிட் பேட்டரிக்கான ஈக்வலைசேஷன் ஆஃப். அதுக்கப்புறம் ஃபேன் நிக்கல. ஆனா 9ம் நம்பர் இன்னும் முந்திக்கிட்டுத்தான் ஓடுது, அதுக்கு என்ன பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர் ஷிஃப்ட்:

முதல்ல என் கதை. ஃப்ரெண்டு வீட்டுல செல் அடுக்கி முடிச்சாச்சு, சென்ஸ் ஒயரோட வெள்ளை கனெக்டரை பி.எம்.எஸ்ல தள்ளினான், உடனே கருகின வாடை. 7ம் ஒயரும் 8ம் ஒயரும் இடம் மாறியிருந்துச்சு. பி.எம்.எஸ் அவுட். அவ்வளவுதான் கதை.

இப்ப எல்லாருக்கும் சொல்றேன், கேட்டுக்குங்க. நீல ஒயரை செல் மைனஸ்ல முதல்ல முடுக்குங்க. சென்ஸ் ஒயரை எல்லாம் செல்லுல மாட்டுங்க, ஆனா கனெக்டர் பி.எம்.எஸ்ல ஏறக் கூடாது, வெளியவே தொங்கட்டும். மல்டிமீட்டர்ல கனெக்டரோட பக்கத்து பக்கத்துப் பின்னை ஜோடி ஜோடியா அளங்க, ஒவ்வொண்ணும் 3.3 வரணும். ஒரு எடத்துல 6.6, அடுத்தது மைனஸ் 3.3ன்னு வந்தா அங்க ஒயர் மாறியிருக்கு. 16 ஜோடியும் சரியா வந்தாத்தான் கனெக்டரைத் தள்ளணும். கழட்டும்போது தலைகீழ், கனெக்டர் முதல்ல, நீல ஒயர் கடைசி.

எத்தனை ஆம்பியர் பி.எம்.எஸ் வாங்கணும்ங்கறதையும் சொல்லிடறேன். 5 கேவிஏன்னா 4,000 வாட்னு வைங்க. பேட்டரி 48 வோல்ட்டுக்கு இறங்கின நேரத்துல, இன்வெர்ட்டர் நஷ்டமும் சேத்தா 90 ஆம்பியருக்கு மேல இழுக்கும். 100 ஆம்பியர் பி.எம்.எஸ் வாங்கினா விளிம்புலயே ஓடும், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழ வச்சிருந்தா இன்னும் மோசம். 150 வாங்கி, ஆப்ல லிமிட்டை 100ல வச்சுக்குங்க, செல்லுக்கும் நல்லது. 24 வோல்ட் சிஸ்டம் வச்சிருக்கவங்க ஏமாறாதீங்க, அதே வாட்டுக்கு அங்க ஆம்பியர் ரெண்டு மடங்கு.

பென்னாகரம் 9ம் நம்பருக்கு. சாதா பி.எம்.எஸ்ல பேலன்ஸ் கரண்ட், அதாவது முந்தற செல்லை எறக்கற கரண்ட், 50 மில்லி ஆம்பியர் மாதிரிதான் இருக்கும். 5 ஆம்பியர்-அவர் வித்தியாசத்தை அது எறக்கணும்னா 100 மணி நேரம், அதுவும் செல் ஃபுல்லுக்குப் பக்கத்துல நிக்கற நேரத்துல மட்டும்தான் வேலை செய்யும். ஏறின செல்லுல இருந்து எடுத்து எறங்கின செல்லுக்குக் குடுக்கற ஆக்டிவ் பேலன்சர் உள்ளதா, 1 ஆம்பியர், 2 ஆம்பியர்ல வருது பாருங்க, அது வாங்குங்க. ஆனா அதை 3.4க்கு மேல மட்டும் வேலை செய்யற மாதிரி செட் பண்ணணும். நடுவுல எல்.எஃப்.பி வோல்டேஜ் தட்டையா நிக்கும், அங்க பேலன்ஸ் பண்ண விட்டா இருக்கிறதையும் கெடுத்துடும்.

இன்னொண்ணு, ஹீட்டர் வச்ச பி.எம்.எஸ்னு கூட காசு கேப்பாங்க. 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தக் கூடாதுங்கறது உண்மை. ஆனா தளியில மார்கழிப் பனி கூட அங்க போகாது. அந்தக் காசுக்கு நல்ல டி.சி ஃபியூஸ் வாங்கிப் போடுங்க. வீட்டுல கிடக்கிற ஏ.சி எம்.சி.பியை (வீட்டு லைன் பிரேக்கர்) டி.சில போடாதீங்க. செல், பி.எம்.எஸ் எல்லாம் சேத்தே வர்ற ரெடிமேட் பேக் வாங்கியிருந்தா இதுல பாதி பிரச்சினையே வந்திருக்காது, ஆனா நம்ம ஜனம் கேக்காது.

ஊத்தங்கரை டீச்சர்:

ஓசூர் தம்பி, நாங்க வாங்கினது ரெடிமேட் பேக்தான். அதனால அந்த வாக்கியம் மட்டும் வேணாம்.

வாங்கி ஒரு வருஷம் ஆகல, மிக்ஸி போட்டா அடிக்கடி கட். ஆப்ல பாத்தா மிக்ஸி ஓடும்போது 4ம் செல் மட்டும் 3.28ல இருந்து 2.6க்கு விழும், நிறுத்தின உடனே பழையபடி 3.28. வாங்கின கடையில ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா, "செல் போயிடுச்சும்மா, மாத்தணும்"னு ஒரு தொகை சொன்னாங்க. வாரண்டின்னு கேட்டதுக்கு செல்லுக்கு வராதுன்னாங்க. காசு எடுத்தும் வச்சுட்டேன்.

தம்பி தீபாவளிக்கு வந்தவன், மூடியைக் கழட்டச் சொன்னான். மிக்ஸியை ஓட விட்டு செல்லையும் செல்லையும் இணைக்கற ஒவ்வொரு பட்டைக்கும் மேல கையைக் காட்டிட்டே வந்தான், 4ம் செல்லுகிட்ட வெடுக்குன்னு இழுத்துக்கிட்டான். அவ்வளவு சூடு. பேட்டரியை ஆஃப் பண்ணிட்டுப் பாத்தா நட்டு விரல்லயே சுத்துது. பட்டைக்கு அடியில கருப்பா பொரிஞ்சு போயிருந்துச்சு. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ஸ்பேனருக்குத் துணி சுத்தி முடுக்கினான். மிக்ஸி போட்டா 4ம் செல்லும் மத்ததோட சேந்து 3.2ல நிக்குது.

மிக்ஸியை நிறுத்தினதும் அப்படி டக்குன்னு பழையபடி மேல வந்தா, செல்லுக்கு முன்னாடி நட்டைத்தான் சந்தேகப்படணுமாம். பி.எம்.எஸ் அந்த ஒயர் மாட்டின எடத்துல என்ன வருதோ அதைத்தான் சொல்லும், லூஸ் நட்டுன்னு அதுக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரிஞ்சிருக்கணும். அப்புறம், டெம்பரேச்சர் சென்சர் செல்லுல ஒட்டாம பெட்டி மூலையில சுருட்டிக் கிடந்துச்சு. அந்தச் சூட்டுலயும் ஆப் 31 டிகிரின்னே காட்டிட்டு இருந்துச்சு!

காரிமங்கலம்:

அப்ப ரெடிமேடும் வேணாங்கறீங்க.

ஊத்தங்கரை டீச்சர்:

அப்படிச் சொல்லலைங்க. மூடியைத் திறந்து பாக்கச் சொல்றேன்.

நல்லம்பள்ளி:

பர்கூர் அண்ணா சொன்ன மாதிரி குண்டு பல்பு தேடி தர்மபுரி டவுன்ல அலைஞ்சேன், கடைசில எங்க சித்தப்பா கோழிக் குஞ்சுக்குப் போட்டிருந்ததைக் கழட்டிட்டு வந்தேன். கருப்பு ஒயர் வழியா மாத்தியாச்சு, கட் ஆகல. கிரைண்டர் ஓடும்போது ஆப்ல 7 ஆம்பியர் வருது.

ஓசூர் அண்ணா, என்னோடது 100 ஆம்பியர் பி.எம்.எஸ்தான். உடனே மாத்தணுமா?

ஓசூர் ஷிஃப்ட்:

ஹீட்டரும் மோட்டாரும் ஒண்ணா போடாம இருந்தா இப்போதைக்கு ஓட்டலாம். கேபிள் என்ன சைஸ் போட்டிருக்கார் அந்த ஆள்?

நல்லம்பள்ளி:

16 ஸ்கொயர் எம்.எம்.

ஓசூர் ஷிஃப்ட்:

பி.எம்.எஸ்ஸை விடுங்க. முதல்ல கேபிளை மாத்துங்க, 35 போடுங்க. கேபிள் முனையில மாட்டற லக்கை டூல்ல அழுத்தி கிரிம்ப் பண்ணித்தான் வாங்கணும், சுத்தியல் வச்சு அடிச்சுக் குடுத்தா வாங்காதீங்க.