14க்கு 12 ரூமுக்கு கெஃப் ஆர்7 மெட்டாவா ஆர்11 மெட்டாவா? டவர் ஸ்பீக்கர் வச்சிருக்கவங்க சொல்லுங்க

கோவை_கேட்பவன்:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேனுங்க, இப்பதான் கேள்வி கேக்கறேன். டவர் ஸ்பீக்கர் வாங்கறதுன்னு முடிவு பண்ணி காசும் ஒதுக்கியாச்சு, கெஃப் கம்பெனியோட ஆர்7 மெட்டா இல்லாட்டி ஆர்11 மெட்டா, இந்த ரெண்டுல வந்து நிக்கறேன். மிட்டுக்கு (குரல் மாதிரி நடு சத்தம் வர்றது) நடுவுலயே ட்வீட்டர் (கீச்சு சத்தம் வர்றது) இருக்கற அந்த யூனி-க்யூ ரெண்டுலயும் ஒண்ணுதான், வித்தியாசம் பேஸ் வர்ற வூஃபர்ல, ஆர்7ல ரெண்டு, ஆர்11ல நாலு, எல்லாமே ஆறரை இன்ச்.

ரூம் 14 அடிக்கு 12 அடி, சீலிங் 10 அடி. மூணு பக்கம் செங்கல் சுவர், ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல், கீழ விட்ரிஃபைட் டைல்ஸ், மேல கான்கிரீட். கை தட்டினா டங்குன்னு திரும்பி வரும். சோஃபா பின்சுவரோட ஒட்டி கிடக்குது. ஆம்ப் இன்டெகிரேட்டட், 8 ஓம்ஸுக்கு 80 வாட்ஸ். கேக்கறது பாதி கர்நாடக சங்கீதம், மீதி 80கள் சினிமா பாட்டு, அப்பப்ப ஜாஸ்.

கடையில ரெண்டையும் கேட்டேன், ஆர்11 பிரமாதமா இருந்துச்சு, ஆனா அந்த ஹால் என் ரூமை விட ரெண்டு மடங்கு இருக்கும், சுவர் பூரா பேனல் அடிச்சு வச்சிருந்தாங்க. கடைக்காரர் பெருசையே எடுத்துக்கங்க, பின்னாடி மாத்தணும்னு தோணாதுங்கறார். உங்க வீட்டுல நிஜமா எப்படி இருக்கு, அதைச் சொன்னா போதும்ங்க.

அடையார்_மாடிவீடு:

சார், எங்கிட்ட இருக்கறது ஆர்11, 2018ல வந்த முதல் மாடல், மெட்டா இல்ல. எங்க ஹால் 22க்கு 14, ஒரு பக்கம் டைனிங்கோட சேர்ந்து திறந்து கிடக்கும், அங்க அது ரொம்ப அழகா இருக்கு, வீணைல மந்திர ஸ்தாயிக்கு இறங்கும்போது அந்த நாதம் தரையிலருந்து கிளம்பற மாதிரி வரும், வாங்கினதுல எனக்கு முழு திருப்தி. ஆனா உங்க ரூம் அளவைப் பாத்ததுமே ஆர்7ன்னுதான் சொல்லத் தோணுது, ஏன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், பொறுமையா படிங்க.

எதிரெதிர் ரெண்டு சுவருக்கு நடுவுல ஒரு குறிப்பிட்ட பேஸ் அலை மட்டும் மாட்டிக்கிட்டு பெருசாகும். அது எந்த ஃப்ரீக்வென்ஸின்னு கண்டுபிடிக்க ஒலியோட வேகம் 343 மீட்டரை ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா போதும். உங்க 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ் வருது, 12 அடிக்கு 47, சீலிங் 10 அடிக்கு 56. இப்ப பேஸ் கிட்டாரை எடுத்துக்கங்க, அதுல தடிச்ச கம்பியை சும்மா மீட்டினா 41 ஹெர்ட்ஸ், அடுத்த கம்பி 55. ரெண்டுமே உங்க ரூம்ல அலை மாட்டிக்கற அந்த 40, 56 பக்கத்துலயே போய் உக்காருது பாத்தீங்களா? நீங்க கேக்கற 80கள் பாட்டுல பேஸ் லைன் நடந்து நடந்து போகுமே, அதுல ஒரு ஸ்வரம் கும்முனு வீங்கும், அடுத்தது காணாம போகும். எந்த பிராண்ட் வச்சாலும் இது நடக்கும், ஆனா நாலு வூஃபர் தள்ளும்போது அந்த வீக்கம் இன்னும் தூக்கலா கேக்கும்.

அப்புறம் சோஃபா. பின்சுவரை ஒட்டி உக்காந்தா பேஸ் எல்லாமே அதிகபட்சமா அழுத்துற இடத்துல உக்காந்திருக்கீங்கன்னு அர்த்தம். அங்கருந்து மூணு அடி முன்னாடி இழுங்க, இழுத்துட்டு அதே பாட்டைக் கேளுங்க, இதுக்கு ஒரு பைசா செலவு இல்ல. ஸ்பீக்கரையும் அதுக்குப் பின்னாடி இருக்கற சுவர்லருந்து தள்ளி வைக்கணும், ரெண்டு மாடலுக்கும் போர்ட், அதாவது பேஸ் வெளிய வர்ற ஓட்டை, பின்பக்கம்தான். பெட்டியோட ஃபோம் அடைப்பு தருவாங்க, அதை போர்ட்ல வச்சு பேஸைக் கொஞ்சம் அடக்கலாம்.

மவுன்ட்ரோடு_மைக்:

மேல சொன்னவர் கணக்கு எல்லாம் சரி, ஆனா முடிவு வேறன்னு எனக்குப் படுது. ரூம் மோடு, அதாவது அவர் சொன்ன அந்த அலை மாட்டிக்கறது, ரூமோட சொத்து, ஸ்பீக்கர் பெருசா சின்னதான்னு அதுக்குத் தெரியாது. ரெண்டும் எவ்வளவு கீழ இறங்கும்னு கம்பெனி போட்டிருக்கற அளவைப் பாத்தீங்கன்னா பெரிய வித்தியாசம் கிடையாது, அப்ப 40ல வர்ற வீக்கம் ஆர்7லயும் வரத்தான் செய்யும். நாலு வூஃபர் இருந்தா அதே சத்தத்துக்கு ஒவ்வொண்ணும் கம்மியா அசைஞ்சா போதும், டிஸ்டார்ஷன் (சத்தம் சிதையறது) குறையும், மிருதங்கத்துல தொப்பி அடி சுத்தமா வரும். இதை நான் முக்கியமா நினைக்கறேன்.

நான் 13க்கு 11 ரூம்ல பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 702 எஸ்2 வச்சிருக்கேன், அதுலயும் ஆறரை இன்ச் வூஃபர் மூணு இருக்கு. மைக் வச்சு அளந்துதான் அதை அந்த ரூம்ல செட் பண்ணேன். யூமிக்-1னு யுஎஸ்பி மைக் கிடைக்கும், ரூம் ஈக்யூ விசார்ட்னு சாஃப்ட்வேர் இலவசம், லேப்டாப் போதும். உக்கார்ற இடத்துல அளந்து பாத்தா கிராஃப்ல மேடும் பள்ளமும் கண்ணுக்கு நேரா தெரியும். மேடா இருக்கறதை ஈக்யூ (அந்தந்த ஃப்ரீக்வென்ஸியை மட்டும் ஏத்தி இறக்கற ஈக்வலைசர்) வச்சு இறக்கிடலாம், இறக்கினதும் பேஸ் சுத்தமாகறது உடனே காதுக்குத் தெரியும். ஆனா பள்ளத்தை ஈக்யூ போட்டு தூக்க முயற்சி பண்ணாதீங்க, அங்க ரெண்டு அலை ஒண்ணையொண்ணு அடிச்சு ரத்து பண்ணிக்குது, நீங்க எவ்வளவு பவர் ஏத்துறீங்களோ அவ்வளவும் ரத்தாகும், ஆம்ப்புக்கும் வூஃபருக்கும்தான் சுமை. பள்ளத்துக்கு வழி ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகத்தறது ஒண்ணுதான்.

உதாரணத்துக்கு வூஃபர் அதுக்குப் பின்னாடி இருக்கற சுவர்லருந்து 1 மீட்டர்ல இருந்தா 86 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும், 60 சென்டிமீட்டர்னா அது 140 பக்கம் ஏறிடும். அதனால ஒரு ஜாண் நகத்தினாலே சவுண்ட் மாறிடும், பாடறவங்க குரல் கனமாகும் இல்ல மெலியும். டேப் எடுத்து அளந்து தரையில பென்சில்ல மார்க் பண்ணி வச்சுக்கிட்டு நகத்துங்க.

யாழ்_டொரண்டோ:

வணக்கம் அண்ணை. நான் டொரண்டோ பக்கம் இருக்கிறன், என்னட்ட பாரடைம் பெர்சோனா 3எஃப் இருக்கு, மிட்டும் ட்வீட்டரும் ரெண்டுமே பெரிலியம், இஞ்ச மிசிசாகாவில இருக்கிற கம்பனிதான். உங்கட கேள்விக்கு ஒரு விசயம் கட்டாயம் சொல்லோணும். நீங்கள் யூடியூப்பில பாக்கிற ரிவ்யூ முக்கால்வாசி இஞ்சத்தை வீடுகளில செய்தது. இஞ்ச வீடெண்டால் மரச்சட்டம் அடிச்சு அதுக்கு மேல ஜிப்சம் பலகை. கீழ் பேஸ் வரேக்க அந்தச் சுவரே கொஞ்சம் அசையும், அதில கொஞ்சச் சக்தி செலவாகிப் போயிடும், மிச்சத்தில கொஞ்சம் வெளியாலயும் போயிடும். அதால இஞ்ச ஆக்கள் "பேஸ் இறுக்கமா இருக்கு, இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லம்" எண்டு எழுதுவினம். அதே ஸ்பீக்கரைச் செங்கல் சுவருக்குள்ள, மேல கான்கிரீட் தட்டும் இருக்கிற அறையில வச்சால் அந்தச் சக்தி போக இடமில்லை, திரும்பித் திரும்பி உள்ளுக்கதான் சுத்தும். யாழ்ப்பாணத்தில எங்கட கல்வீட்டில அண்ணை ஒரு சின்ன டவர் சோடி வச்சிருக்கிறார், என்ர அறையில இருக்கிறதை விட அங்க பேஸ் கூட. அதால அவையள் சொல்லுற "பேஸ் போதாது" எண்டதை நம்பிப் பெரிசை வாங்க வேண்டாம்.

இன்னொண்டு. ஃப்ளாய்ட் டூல் எண்ட விஞ்ஞானி 1965ல இருந்து 1991 வரைக்கும் ஒட்டாவாவில நேஷனல் ரிசர்ச் கவுன்சில்ல வேலை செய்தவர். திரைக்குப் பின்னால ஸ்பீக்கர்களை வச்சு, எது என்ன பிராண்ட் எண்டு தெரியாமல் ஆக்களைக் கேக்க வச்சுப் பரிசோதிச்சவர். நேரா முன்னுக்கு வாற சத்தம் சமனாயும், பக்கத்துக்குப் போற சத்தம் மெல்ல மெல்ல ஒழுங்காக் குறையிறதாயும் இருக்கிற ஸ்பீக்கரைத்தான் பெரும்பாலும் எல்லாருக்கும் பிடிச்சது. யூனி-க்யூ இந்தப் பக்கத்துச் சத்தத்தில நல்ல கெட்டிக்காரன், உங்கட கண்ணாடி ஜன்னல் இருக்கிற அறைக்கு அது உதவும். டூலோட வேலை செய்த ஷான் ஆலிவ் 2004ல போட்ட கணக்கில, ஒரு ஸ்பீக்கர் பிடிக்கிறதோ இல்லையோ எண்டதில பேஸுக்கு மட்டும் கிட்டத்தட்ட 30 சதவீதப் பங்கு. அந்த 30 சதவீதத்தைத் தீர்மானிக்கிறது கூடுதலா உங்கட அறைதான். மைக் அண்ணை சொன்ன மாதிரி அளந்து பாக்கிறது மிச்சம் நல்லது.

மதுரை_தவில்ரசிகன்:

அண்ணே, பேஸ் பேஸ்னு எல்லாரும் அதையே பேசுறாக, நீங்க பாதி நேரம் கர்நாடக சங்கீதம்னு சொல்லியிருக்கீக. நான் கேக்குறதுல பெரும்பகுதி நாகஸ்வரமும் தவிலும்தான். தவில்ல வலந்தலைப் பக்கம் விரல்ல கூடு மாட்டி அடிக்கிறதும் தொப்பிப் பக்கம் குச்சியால அடிக்கிறதும் சேந்து வரும்போது ஒரு நொடியில சத்தம் எங்கயோ ஏறி இறங்கும் பாருங்க, அதை அப்படியே விடுற ஸ்பீக்கர் கொஞ்சம்தான். நிறைய ஸ்பீக்கர்ல அந்த அடியோட கூர்மை மழுங்கி பொத்துனு கேக்கும்.

எங்கிட்ட க்ளிப்ஷ் ஃபோர்ட்டே 4 இருக்கு. முன்னாடி 12 இன்ச் வூஃபர், மிட்டும் ட்வீட்டரும் ஹார்ன், பின்னாடி காந்தம் காயில் எதுவும் இல்லாம 15 இன்ச் பாசிவ் ரேடியேட்டர். 1 வாட்டுக்கு 99 டெசிபல்னு போட்டிருக்கான், அதனால சின்ன வால்வு ஆம்ப்லயே வீடு அதிர வாசிக்கலாம். ஹார்ன்னா காதைக் குத்தும்னு சொல்லுவாக, வெறும் டைல்ஸ் ரூம்ல குத்தத்தான் செய்யும். எங்க வீட்டுல கனமான பவானி ஜமுக்காளத்தை ரெண்டா மடிச்சு தரையில விரிச்சிருக்கோம், பக்கச் சுவர்ல புத்தக அலமாரி, ஜன்னலுக்கு தரை வரைக்கும் தொங்குற தடிச்ச ஸ்க்ரீன். இதெல்லாம் போட்ட பிறகு நாகஸ்வரம் தார ஸ்தாயில நிக்கும்போது கூட முகம் சுளிக்க வேண்டியதில்ல. நீங்க எந்த ஸ்பீக்கர் எடுத்தாலும் இந்த வேலையை முதல்ல பண்ணிருங்க. ஆனா ஒண்ணு, ஜமுக்காளமும் ஸ்க்ரீனும் ட்ரெபிள் எதிரொலியைத்தான் குறைக்கும், 40 ஹெர்ட்ஸை ஒண்ணும் பண்ணாது, அதுக்கு மூலையில பஞ்சு மாதிரி ராக்வூல் அடைச்ச, பேஸை உறிஞ்சுற தடிச்ச பேஸ் ட்ராப் வேணும்.

முடிஞ்சா மதுரைக்கு ஒருநாள் வாங்கண்ணே, உங்களுக்குப் பிடிச்ச ரெக்கார்டிங்கை எடுத்துட்டு வந்து உக்காந்து கேளுங்க.

கோவை_கேட்பவன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. நேத்து சோஃபாவை மூணு அடி முன்னாடி இழுத்து இப்ப இருக்கற பழைய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்லயே கேட்டேன், மிருதங்கம் தெளிஞ்சு வருது, வீட்டுல இருக்கவங்களே என்ன மாத்துனீங்கன்னு கேட்டாங்க. மைக் ஆர்டர் போட்டாச்சு. இன்னொரு சந்தேகம், 80 வாட்ஸ் போதுமா? கடையில 200 வாட்ஸ் பவர் ஆம்ப் கண்டிப்பா வேணும்ங்கறாங்க.

அடையார்_மாடிவீடு:

வாட்ஸை விட 4 ஓம்ஸ்ல எவ்வளவு குடுக்குதுன்னு பாருங்க சார், ஓம்ஸ்ங்கறது ஸ்பீக்கரோட மின்தடை, அது குறைஞ்சா ஆம்ப் கூட கரன்ட் குடுக்கணும். பேருக்கு 8 ஓம்ஸ்னு போட்டிருக்கற டவர் நிறைய, சில ஃப்ரீக்வென்ஸில 3 ஓம்ஸ் பக்கம் இறங்கிடும், அந்த இடத்துல கரன்ட் குடுக்கத் தெரிஞ்ச ஆம்ப்தான் வேணும். 4 ஓம்ஸ்ல 130, 140 வாட்ஸ்னு போட்டிருந்தா தைரியமா வச்சுக்கங்க. சத்தம் 3 டெசிபல் ஏறணும்னா பவர் ரெண்டு மடங்கு வேணும், அப்ப 80லருந்து 200க்குப் போனா உங்களுக்குக் கிடைக்கறது 4 டெசிபல்தான். உக்கார்ற தூரம் எப்படியும் 8, 9 அடிக்குள்ள, அந்தத் தூரத்துல 1 வாட்டுக்கு 88 டெசிபல் தர்ற ஸ்பீக்கருக்கு 20, 30 வாட்ஸே நல்ல சத்தம், மிச்சம் திடீர்னு ஏறற பீக்குக்கு. அந்தக் காசை பேஸ் ட்ராப்புக்குப் போடுங்க.

மவுன்ட்ரோடு_மைக்:

இதுல நானும் அவர் கட்சிதான், ஆம்ப்பை இப்ப மாத்தாதீங்க. ஆர்11ங்கற என் பேச்சும் ஈக்யூ போடறதா இருந்தா மட்டும்தான். மைக், லேப்டாப் எல்லாம் தொல்லைன்னு நினைச்சீங்கன்னா ஆர்7 எடுங்க. மைக் வந்ததும் இப்ப இருக்கற ஸ்பீக்கரை வச்சே சோஃபா மூணு இடத்துல அளந்து 20லருந்து 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் கிராஃபை இங்க போடுங்க, ரூமோட குணம் அதுலயே தெரிஞ்சிடும், மாடல் எதுன்னு அப்புறம் பேசிக்கலாம்.

கடைக்காரர்கிட்ட வீட்டு டெமோ கேளுங்க, இந்த விலைக்கு வாங்கறவங்களுக்கு நிறைய பேர் ஒத்துக்குவாங்க, வாரக் கடைசில கொண்டுவந்து வச்சிட்டு திங்கக்கிழமை எடுத்துக்குவாங்க. தூக்க ரெண்டு ஆள் கண்டிப்பா இருக்கணும். வூஃபரோட முன்பக்கக் கோனைத் தொட்டுத் தூக்க வேணாம்னு முதல்லயே சொல்லிடுங்க. டைல்ஸ் மேல ஸ்பைக்கை (ஸ்பீக்கர் அடியில இருக்கற கூர்மையான கால்) நேரா வச்சா கீறிடும், அடியில போட உலோக வட்டம் இருக்கான்னு பெட்டியிலயே பாத்துடுங்க.