மூட்டை இறக்கினால் நாரி பிடிக்கிறது, பட்டி கட்டலாமா?

சந்தைப் பெடியன்:
சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் மொத்தக் கடையில் வேலை. 50 கிலோ அரிசி மூட்டைகளை லொறியில் இருந்து இறக்கி உள்ளே அடுக்க வேண்டும். பின்னேரமானால் நாரி இறுகிப் போகிறது. இடுப்புப் பட்டி கட்டினால் சரியாகுமா?

மேசன் அண்ணை:
பட்டியை நம்பாதை தம்பி. ஒரு தள்ளுவண்டில் வாங்கித் தரச்சொல்லி முதலாளியிட்டைக் கேள்.

இயன்மருத்துவர் அக்கா:
அண்ணை சொல்வது சரி. பட்டி காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் வேலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷின் (NIOSH) கணக்கில், எல்லாம் வாய்ப்பாக இருந்தாலே ஒருவர் தூக்க 23 கிலோதான் எல்லை. உங்கள் மூட்டை அதன் இரண்டு மடங்குக்கும் மேல், தம்பி! ஆகவே இருவராகப் பிடியுங்கள். மூட்டை உடம்பை விட்டு விலக விலக நாரியில் விழும் பாரம் கூடும், அதனால் வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். மூட்டையை நிலத்தில் போடாமல் இடுப்பளவு மேசையில் இறக்கினால் பாதிக் குனிவு மிச்சம். கால் விறைத்தாலோ சலம் போவதில் சிக்கல் வந்தாலோ ஒரு நாளும் தள்ளிப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சந்தைப் பெடியன்:
நன்றி அக்கா. விறைப்பு இல்லை. கடையில் பழைய மேசை ஒன்று கிடக்கிறது, அதை வாசலுக்கு இழுத்துப் போடுகிறேன். வண்டிலுக்கு வாசல்படியில் பலகை போட்டால் போதுமா, அண்ணை?

மேசன் அண்ணை:
போதும். தடித்த பலகையாப் பார். சரிவு நீளமா இருக்கட்டும், குத்தென இருந்தால் வண்டில் உன்னைத்தான் தள்ளும்.