போக்கெழுதலா, பதிவழிப்பா? சீனன்குடா விமானங்களுக்காக ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். திருகோணமலையை அடுத்த சீனன்குடா வான்தளத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேர்ந்த விமான விபத்துகளைத் தமிழில் அட்டவணைப்படுத்தி வருகிறேன். அட்டவணையின் ஒரு பத்தியின் (நெடுவரிசையின்) தலைப்பில் வண்டி நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் அதை 'ஸ்ட்ரக் ஆஃப் சார்ஜ்' என்கிறார்கள். பிரித்தானிய வான்படை ஒவ்வொரு விமானத்துக்கும் 'படிவம் 78' என்று ஓர் அட்டை வைத்திருந்தது. எந்தப் பிரிவுக்குப் போனது, எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்று சுருக்கக் குறிகள் வரிசையாக வரும். கடைசி வரியில் பெரும்பாலும் இந்தச் சொல்லும் ஒரு தேதியும் இருக்கும். அதாவது, அன்றோடு அந்த விமானம் படையின் கணக்கில் இல்லை.

முதலில் நான் 'அழிந்த நாள்' என்று எழுதினேன். அட்டவணை கொஞ்சம் வளர்ந்ததும் பார்த்தால், ஒரே நாளில் விமானங்கள் கும்பலாக விழுந்து நொறுங்கியதுபோல இருந்தது! நடந்தது வேறு. கடல்கடந்த தளங்களுக்கு அனுப்பப்பட்ட விமானங்களின் அட்டைகளில் விவரம் குறைவு. கப்பலேறிய தேதி இருக்கும், பிறகு நீண்ட மௌனம், கடைசியில் கணக்கை ஒழுங்குசெய்த ஏதோ ஒரு நாளில் மொத்தமாக அடித்திருப்பார்கள். விமானம் விழுந்தது அதற்குச் சில மாதங்கள் முன்பாக இருக்கலாம். விழாமலே பழசாகிப்போனதாகவும் இருக்கலாம்.

உண்மையில் விழுந்த நாளுக்கு வேறு ஏடுகளைப் புரட்ட வேண்டும். விபத்துக்கென்றே 'படிவம் 1180' என்ற அட்டை உண்டு, அது லண்டன் ஹெண்டனில் உள்ள வான்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படைப்பிரிவுகளின் நாட்குறிப்பேடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' வரிசையிலும், தளங்களுடையவை 'ஏர் 28' வரிசையிலும் கிடைக்கும். இவற்றில் காணும் நாளும் படிவம் 78 சொல்லும் நாளும் ஒத்துப்போகவேண்டிய கட்டாயமே இல்லை. இரண்டு நாள், இரண்டு பத்தி, எனவே இரண்டு சொல் வேண்டும்.

'பதிவுநீக்கம்' என்று வைக்கலாமா?

——

மறுமொழி:

'பதிவுநீக்கம்' வேண்டாம். பயணிகள் விமானங்களை நாட்டின் பதிவேட்டிலிருந்து எடுப்பதற்கு அந்தச் சொல் இயல்பாகவே போய்விடும். விற்கப்பட்டு வேறு நாட்டுக்குப் போகிற நல்ல விமானத்துக்கும் அது நடக்கும். 'சார்ஜ்' என்பதைப் 'பொறுப்பு' என்று கொண்டு 'பொறுப்புநீக்கம்' என்றால், விமானியை வேலையைவிட்டு அனுப்பியது போலாகிவிடும்.

எங்கள் பக்கம் பேச்சில் ஒரு சொல் தயாராக இருக்கிறதே: கண்டம். 'அந்த பஸ் கண்டமாயிடுச்சு' என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆங்கிலக் 'கண்டெம்'தான் அப்படித் தேய்ந்து வந்தது. ஆனாலும் தமிழாகிவிட்டது.

——

மறுமொழி:

இலங்கையிலிருந்து ஒரு கருத்து. கணக்கீடு படிப்பிக்கிறவள் என்பதால் சொல்கிறேன். நாங்கள் 'ரைட் ஓஃப்' என்பதற்குப் 'பதிவழித்தல்' என்று பாவிக்கிறோம். அறவிடமுடியாக் கடனைப் பதிவழிப்போம். பொருள் கையில் இருக்கிறதா, இல்லையா என்பதல்ல விடயம், ஏட்டில் அதன் பெறுமதி முடிந்துவிட்டது, அவ்வளவுதான். உங்கள் விமானத்துக்கும் அதே கதைதானே? சீனன்குடா எங்கள் ஊர்ப்பக்கம், சொல்லும் எங்களுடையதாக இருந்தால் நல்லது.

——

அன்புள்ள நண்பர்களுக்கு,

கண்டத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். அதிலும் பொருத்தம் இருக்கிறது. போர் முடிந்ததும், அமெரிக்காவிடமிருந்து கடன்-குத்தகைத் திட்டத்தில் வாங்கிய விமானங்களைத் திருப்பித் தரவேண்டும், இல்லையேல் விலை கொடுக்கவேண்டும் என்ற நிலை வந்தது. அழித்துவிட்டால் இரண்டும் இல்லை. பிரித்தானியக் கடற்படை தன்னிடமிருந்த அத்தகைய விமானங்கள் பலவற்றைக் கப்பல்தளத்திலிருந்து கடலில் தள்ளியது. தண்ணீரில் கண்டம் என்று சோதிடர் சொன்னது பலித்த விமானங்கள்! கடலடியில் அப்படி வந்த ஒரு கோர்செயர் போர்விமானம் கிடந்தால் அதில் விமானி யாரென்று தேடுவதற்குமுன் இதை நினைக்க வேண்டும். விபத்தே நடந்திராது.

ஆனால் அட்டவணைத் தலைப்பில் கண்டம் நிற்காது. கழுத்து, ஆசியாக் கண்டம், சாதகக் கண்டம் என்று ஏற்கெனவே நெரிசல்.

பதிவழித்தல் என்னை ஆட்டிவிட்டது. நான் தமிழ்நாட்டுப் பாடநூலில் படித்தது 'போக்கெழுதுதல்'. வாராக்கடனைப் போக்கெழுதுவோம். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. என் மனம் போக்கெழுதுதல் பக்கம்தான் முதலில் சாய்ந்தது. வினையாகவும் பெயராகவும் ஓடுகிறது, கேட்கவும் பழைய கணக்குப்பிள்ளை வாடை அடிக்கிறது. ஆனால் ஆவண ஆய்வில் 'பதிவு' என்ற சொல் கண்ணுக்குத் தெரிவது பெரிய உதவி. இது வானத்தில் நடந்த செயல் அல்ல, ஏட்டில் நடந்தது என்று சொல்லிலேயே நிற்கிறது. அழித்தது விமானத்தை என்று யாராவது மயங்குவார்களோ என்று யோசித்தேன். 'பதிவழிப்பு' என்று சேர்த்தெழுதும்போது அழிவது பதிவுதான். ஆகவே அதையே எடுத்துக்கொள்கிறேன். ஊர்க்காரர் வாதமும் சும்மாவா.

இதையொட்டி இன்னொன்றையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. வான்படையே பறப்பு விபத்து, பறப்புப் போர்ச்சேதம் என இரண்டாக எழுதியது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்கள் தாக்க வந்தபோது சீனன்குடாவிலிருந்து எழும்பிய 261ஆம் பிரிவின் ஹரிக்கேன் போர்விமானங்களில் சுடப்பட்டவை போர்ச்சேதம். அதே ஹரிக்கேன் வேறொரு நாள் தரையிறங்கும்போது சக்கரம் மடங்கிக் குப்புறப் போனால் விபத்து. சேதம் மிகுதியென்றால் இரண்டுக்கும் ஒரே 'ஈ' வகைதான், முடிவும் பதிவழிப்புதான். காரணம் ஒரு பத்தி, முடிவு ஒரு பத்தி என்று வைத்துவிட்டால் குழப்பமில்லை. தமிழில் எல்லாவற்றையும் 'விமான விபத்து' என்றே எழுதிப் பழகியிருக்கிறோம், செய்தித்தாளுக்குப் போதும், இதற்குப் போதாது.

இடையில் ஒரு எச்சரிக்கை, இதே ஏடுகளைத் தேடுவோருக்கு: கடற்படைக் குறிப்புகளில் 'எச்.எம்.எஸ். பம்பாரா' என்று வந்தால் கப்பல் என்று எண்ணிக் கடலில் தேடாதீர்கள். அது சீனன்குடாத் தளமேதான். கரைத்தளங்களுக்கும் கப்பல்பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். நான் ஒரு வாரம் கப்பல் தேடினேன்.

இப்போதைக்குத் தலைப்புகள் இப்படி: விமான வகை, தொடரெண், பிரிவு, நேர்ந்த நாள், காரணம், சேத வகை, பதிவழித்த நாள். நேர்ந்த நாள் தெரியாவிட்டால் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கும். பதிவழித்த நாளை அங்கே நகர்த்தப் போவதில்லை.

அடுத்த சிக்கலையும் இப்போதே போட்டுவிடுகிறேன். 1944 ஆகஸ்டு 10 அன்று சீனன்குடாவிலிருந்து சுமாத்திராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கப் போன அமெரிக்க பி-29 விமானங்களில் ஒன்று, திரும்பும் வழியில் எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியது. விழவில்லை, விமானி வேண்டுமென்றே இறக்கினார். ஆங்கிலத்தில் இது 'டிச்சிங்'. 'நீரிறக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், தொட்டியைக் காலிசெய்வது போலிருக்கிறது. 'கடலிறக்கம்' என்றால் ஏரியில் இறங்கியதை என்ன செய்வது?

——

மறுமொழி:

'நீர்மேல் இறக்கம்'. நீளம்தான், ஆனால் தொட்டி காலியாகாது.